ஒரு கொரியத் தொடர் முடிந்தது, அடுத்தது எதுவும் மனதில் ஒட்டவில்லை

கேள்வி:

போன மாதம் 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ' பார்த்தேன். 16 எபிசோடையும் ஐந்தே நாளில் முடித்துவிட்டேன், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், எப்படி உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பாராகிளைடிங் போன பெண்ணைப் புயல் அடித்துக்கொண்டு போய் வட கொரியாவில் ஒரு மரத்தில் தொங்கவிடுகிறது, அப்படித் தொடங்கும் கதை என்னை இவ்வளவு அழ வைக்கும் என்று நினைக்கவே இல்லை. அதிலும் அந்தக் கிராமத்துப் பெண்கள்! நாயகன் நாயகியை விட அவர்களைத்தான் இப்போதும் மனம் தேடுகிறது.

அப்புறம்தான் பிரச்சினை. அதன் நாயகன் ஹியூன் பின், நாயகி சன் யே-ஜின் நடித்த வேறு தொடர்களைத் தேடிப் போட்டேன். மூன்று தொடர், மூன்றும் இரண்டாவது எபிசோடோடு நின்றுவிட்டன. எனக்குப் பிடித்தது அந்த ஒரு கதை மட்டும்தானா? அடுத்து எதைப் பார்க்கலாம்? சப்டைட்டிலா, டப்பிங்கா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

நீங்கள் நடிகர்களைத் தேடிப் போயிருக்கிறீர்கள், எழுதியவரைத் தேடிப் பாருங்கள். கொரியத் தொடர்களில் பெரும்பாலும் முதல் எபிசோடிலிருந்து கடைசி வரை ஒரே ஆள்தான் எழுதுவார், அதனால் அவருடைய குணம் தொடர் முழுக்கத் தெரியும். நீங்கள் பார்த்ததை எழுதியவர் பார்க் ஜி-உன். 'மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்', 2024இல் வந்த 'குயின் ஆஃப் டியர்ஸ்' இரண்டும் அவர் எழுதியவைதான்.

ஆனால் கிராமத்துப் பெண்களைத் தேடுகிறேன் என்று சொன்னீர்களே, அதற்கு நான் சொல்வது 'ரிப்ளை 1988'. சியோலில் சாங்முன்-டொங் என்ற பகுதியில் ஒரு சந்து, அதில் ஐந்து குடும்பங்கள், அவ்வளவுதான் கதை. முதல் எபிசோடில் பெரிதாக எதுவும் நடக்காது, ஒரு வீட்டில் சமைத்ததைப் பிள்ளைகள் தட்டில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள், அங்கிருந்து வேறொன்று திரும்பி வரும். நாலு எபிசோடாவது பொறுமையாகப் பாருங்கள். இன்னொன்று, இவை வாரத்துக்கு இரண்டு எபிசோடாக ஒளிபரப்பானவை, நீங்களும் அப்படியே பாருங்கள். ஐந்து நாளில் விழுங்கிவிட்டால் அதற்குப் பிறகு எது வந்தாலும் சப்பென்றுதான் இருக்கும், எனக்கு அப்படித்தான் இருந்தது.

பதில்:

சப்டைட்டில் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. தமிழில் 'வா', 'வாங்க' என்று இருப்பது போல் கொரிய மொழியிலும் வினைச்சொல்லின் முடிவிலேயே மரியாதை தெரிந்துவிடும். ஆங்கில சப்டைட்டிலில் எல்லோரும் 'யூ' தான். பல தொடர்களில் ஒரு காட்சி வரும், அதுவரை 'நீங்க' என்று பேசிய இருவரில் ஒருவர் 'இனி சாதாரணமாகப் பேசலாமா' என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் உறவே மாறிவிடும், சப்டைட்டிலை மட்டும் படித்தால் அது கண்ணில் படாமலே போய்விடும். கொரியக் குரலில் கேளுங்கள், வாக்கியம் மரியாதையைக் காட்டும் 'யோ'வில் முடிகிறதா என்று மட்டும் கவனித்தால் போதும், பத்து எபிசோடுக்குள் காது பழகிவிடும். தமிழ் டப்பிங் இருந்தால் அதில் இந்த நீ, நீங்க வேறுபாட்டைக் கொண்டுவர முடியும், ஆனால் நடிகரின் குரல் போய்விடுகிறது, எனக்கு மனம் வரவில்லை.

'ஒப்பா' என்ற சொல் முதலில் நமக்கு இடிக்கும். பெண்கள் அண்ணனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், காதலனையும் அப்படித்தான். அப்பாவுக்கு அங்கேயும் 'அப்பா'தான், முதல்முறை கேட்டபோது நான் நிறுத்தித் திரும்பக் கேட்டேன்.

பதில்:

கொரியாவோடு நிற்க வேண்டாம். எந்த நாட்டுப் பாணி உங்களுக்கு ஒத்துவரும் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 'ஹானா யோரி டாங்கோ' என்ற ஜப்பானிய மங்கா, அதாவது படக்கதை, தைவானில் 2001இலும், ஜப்பானில் 2005இலும், கொரியாவில் 2009இலும், சீனாவில் 2018இலும், தாய்லாந்தில் 2021இலும் தொடராக வந்தது. ஒவ்வொன்றிலும் முதல் எபிசோடு மட்டும் பாருங்கள். ஜப்பான் முதல் பருவத்தை 9 எபிசோடில் முடிக்கிறது, கொரியா 25 எடுத்துக்கொள்கிறது, வேகம் எப்படி மாறுகிறது என்று அதிலேயே புரியும்.

பதில்:

யோசனை நல்லது, ஆனால் புதிதாக வருபவருக்கு நான் அந்தக் கதையைச் சொல்ல மாட்டேன். நாயகன் நாயகியைப் பள்ளியில் படுத்தும் பாட்டைக் காதலுக்கு முன்னுரை போலக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை, எந்த நாட்டில் எடுத்தாலும் சரி. 'மை மிஸ்டர்' பாருங்கள். முதல் மூன்று எபிசோடு இருட்டாக, கனமாக இருக்கும், பொறுமையாகப் பார்த்துத் தாண்டிவிடுங்கள். பிடித்தால் அதை எழுதிய பார்க் ஹே-யங்கின் 'மை லிபரேஷன் நோட்ஸ்'.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. 'ரிப்ளை 1988' இரண்டு எபிசோடு ஆகிவிட்டது. அக்காவின் பிறந்தநாள் கேக்கையே தனக்கும் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று நாயகி தொக்-சன் வெடித்து அழுதாளே, அன்று இரவு அப்பா தனியாக ஒரு கேக் வாங்கிவந்து அவள் பக்கத்தில் உட்காரும் இடத்தில் நிறுத்திவிட்டு என் அப்பாவுக்கு போன் செய்தேன். 'யோ' காதில் விழ ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது எபிசோடை அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வைத்திருக்கிறேன், கஷ்டமாகத்தான் இருக்கிறது.