ஃபிரிட்ஜில் வைத்த தாய்ப்பாலில் சோப்பு வாடை: வகுப்பு நாட்களுக்கு என்ன வழி?

வீடு கோத்தகிரி, ஊட்டியில் எம்.எஸ்சி. முதலாண்டு. குழந்தைக்கு ஐந்து மாதம். காலை 8 முதல் மாலை 5 வரை என் அம்மாவிடம். எடுத்த உடனே கொடுத்தால் குடிக்கிறான். ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்த பாலில் சோப்பு வாடை, ஒரு வாயிலேயே துப்பிவிடுகிறான். பத்து நாளாக இப்படி.

பாட்டிலை விட்டுச் சங்கில் கொடுத்தாச்சு, எவர்சில்வர் டப்பாவைக் கண்ணாடிக்கு மாற்றியாச்சு, பால் எடுக்கும் பம்ப்பைக் கொதிநீரில் போட்டு எடுத்தாச்சு. பால் கெடவில்லை, தாய்ப்பாலிலேயே இருக்கும் லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைக்கிற வாடை என்றுதான் தோன்றுகிறது. எடுத்தவுடன் ஓரத்தில் குமிழி வரும்வரை, கொதிக்க விடாமல் சூடாக்கி, ஐஸ் தண்ணீரில் சட்டென்று ஆறவைத்தால் வாடை வராது; வந்தபிறகு சூடாக்கிப் பயனில்லை. வீட்டில் சரி, மதியம் 1 மணிக்குக் கல்லூரியில் பால் எடுக்கும்போது அடுப்புக்கு எங்கே போக? ஊட்டிக் குளிரானாலும் எடுத்த பாலை வெளியில் வைக்க 4 மணி நேரம்தான் கணக்கு.

ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து 5 மணிக்கு வீட்டில் சூடாக்கினால், அதற்குள் வாடை பிடித்துவிடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.