பிடுங்கினாரா, எடுத்தாரா?

கல்வெட்டு: நேற்று ஒரு புண்ணியவான் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "போப் கையிலிருந்து கிரீடத்தைப் பிடுங்கித் தானே வைத்துக்கொண்டவன் நெப்போலியன். எல்லாம் ஆணவம், வேறொன்றுமில்லை." ஒரே வரியில் ஆளை மடித்து வைத்தாயிற்று! ஐயா, அவர் பிடுங்கவே இல்லை. 1804 டிசம்பர் 2, பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம், அவர் பிரான்ஸின் பேரரசராக முடிசூடிய நாள். கிரீடம் பலிபீடத்தின் மேல் இருந்தது. அவரே எடுத்துச் சூடிக்கொள்வார் என்பது போப் ஏழாம் பயஸிடம் முன்கூட்டியே பேசி முடித்த விஷயம்.

ஈட்டிமுனை: அந்தப் புண்ணியவான் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாமே, என்ன கூச்சம்? போப்பை அவ்வளவு தூரம் வரவழைத்து, சும்மா உட்காரவைத்துவிட்டுத் தானே சூடிக்கொள்வதற்குப் பணிவு என்று பெயரா?

கல்வெட்டு: பணிவு என்று நான் எங்கே சொன்னேன்? பிடுங்கவில்லை என்றேன்.

மழைக்காலம்: நடுவில் ஒரு வார்த்தை. 1800 டிசம்பர் 24 அன்று நெப்போலியன் வண்டி போன தெருவில் குண்டு வெடித்தது. 1804-ல் மன்னராட்சி ஆதரவாளர் கதூதால் கூட்டத்தின் சதி பிடிபட்டது. பேரரசராகி வாரிசு முறை வந்துவிட்டால் ஒரு ஆளைக் கொன்று ஆட்சியைக் கவிழ்க்க முடியாது. இந்தப் பயத்தையும் பார்க்க வேண்டாமா?

ஈட்டிமுனை: வாரிசா? அவனுக்கும் மனைவி ஜோசபினுக்கும் பிள்ளையே இல்லையே!

கல்வெட்டு: அண்ணன் ஜோசப், தம்பி லூயி இருவரும் வாரிசு வரிசையில் இருந்தார்கள். இதுகூடத் தெரியாமல்தான் பேச வந்தீர்களா? ஸ்டாலின் இழையிலும் இப்படித்தான் பாதியில் காணாமல் போனீர்கள்.

ஈட்டிமுனை: அன்று எனக்குக் காய்ச்சல். அந்த முடிசூட்டு விழாவை டேவிட் வரைந்த ஓவியத்தைப் பாருங்கள். கிரீடம் அவன் கையில், போப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

கல்வெட்டு: போப் 'அவர்', நெப்போலியன் 'அவன்'. நல்ல நடுநிலை! அந்தப் படத்தில் அவர் ஜோசபினுக்குச் சூட்டப் போகிறார். அவர் தலையில் ஏற்கெனவே தங்க இலை மாலை இருக்கிறது. மாடத்தில் நட்டநடுவே நெப்போலியனின் அம்மா லெத்தீசியா. அந்த அம்மா அன்று பாரிஸிலேயே இல்லை! இதுதான் உங்கள் சாட்சியா?

ஈட்டிமுனை: வராத அம்மா உட்கார்ந்திருக்கும் படத்தை மெச்சிக்கொண்டவனுக்கு ஆணவம் இல்லையாம். நன்றி, என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

கல்வெட்டு: அது ஆணவமில்லை, கணக்கு. மக்கள் கண்ணில் எது பட வேண்டும் என்ற கணக்கு. பிடுங்கவில்லை.

செம்மண்: 1794-ல் ஒழித்த அடிமை முறையை 1802-ல் திரும்பக் கொண்டுவந்த ஆள் இவர். அது ஆணவமா, கணக்கா? கிரீடத்தையே தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கல்வெட்டு: அதற்குத் தனி இழை போடுங்கள்.

செம்மண்: உங்களுக்கு வசதிப்படாததெல்லாம் தனி இழை.

மழைக்காலம்: பொது வாக்கெடுப்பில் 35 லட்சம் பேர் பேரரசுக்கு ஆதரவு, எதிர்ப்பு 2,500 சொச்சம். மக்களும்தானே கேட்டார்கள்?

ஈட்டிமுனை: இந்தக் கணக்கை நம்புகிறவர் அந்த ஓவியத்தையும் நம்பலாம்.

கல்வெட்டு: பேச்சை மாற்றாதீர்கள். 'பிடுங்கி' என்ற சொல்லை எடுப்பீர்களா, மாட்டீர்களா?

ஈட்டிமுனை: மாட்டேன். வேண்டுமானால் நீங்களே வந்து பிடுங்கிக்கொள்ளுங்கள்.

கல்வெட்டு: எடுத்தார். பிடுங்கவில்லை.