உங்களிடம் விபத்து விசாரணை அதிகாரிகள் என்ன கேட்டார்கள்? அனுபவம் உள்ளவர்கள் பகிருங்கள்

தரைப்பணியாளர்:
விமானத்தில் சாமான் ஏற்றும் வேலையில் பதினோரு வருடம் இருந்தேன். ஒரு மழை இரவு, சாமான்களை மேலே ஏற்றும் பெல்ட் லோடர் வண்டியைச் சரக்குக் கதவருகே நிறுத்தும்போது அதன் முனை விமானத்தின் உடம்பில் உரசிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு பெயின்ட் போயிருந்தது. நடுவே, விரல் வைத்தால் மட்டும் தெரிகிற ஒரு பள்ளம். கிளம்ப இருபது நிமிடம்தான் இருந்தது. கூட இருந்த அண்ணன், "கீறல்தானே, விடு தம்பி" என்றார். மனசு கேட்கவில்லை, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். இன்ஜினியர் வந்து அளந்து பார்த்து விமானத்தையே நிறுத்திவிட்டார். என் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

2005 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் சியாட்டிலில் இதே மாதிரி வண்டி விமானத்தில் இடித்ததை ஊழியர் ஒருவர் சொல்லாமல் விட்டார். சுமார் 26,000 அடி உயரத்தில், உள்ளே இருந்த காற்றழுத்தம் தாங்காமல் அந்த இடம் கிழிந்து ஒரு அடி நீளத்துக்கு ஓட்டை விழுந்தது. விமானம் திரும்பி வந்து இறங்கியது.

மூன்றாம் நாள் என்னை உட்கார வைத்துக் கேட்டார்கள். யார் தப்பு என்று ஒரு கேள்விகூட இல்லை. எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தாய், விளக்கு எந்தப் பக்கம் எரிந்தது, பின்னால் நின்று சைகை காட்ட ஆள் இருந்தாரா? அப்புறம் வண்டியைப் போய்ப் பார்த்தார்கள். முனையில் இருக்க வேண்டிய ரப்பர் தேய்ந்து இரும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் ஓட்டிய எனக்கே அது கண்ணில் படவில்லை.

துணை விமானி:
யார் தப்பு என்று கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. விமானப் போக்குவரத்துக்காக நாடுகள் செய்துகொண்ட சிகாகோ ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்கிறது. நான் ஓடுபாதை மாறி நுழையப்போன சம்பவத்தை எழுதிக் கொடுக்க முதலில் பயந்தேன். 1974 டிசம்பர் 1 விபத்தைப் படித்த பிறகுதான் எழுதினேன். வாஷிங்டன் அருகே ஒரு பயணிகள் விமானம் மலையில் மோதி அதில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரம் முன்பு அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பிய வேறொரு நிறுவன விமானிகள் தங்கள் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. 1976இல் நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறை வந்தது இதனால்தான். எழுதியவர் பெயர் உள்ள சீட்டை அவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கப்பல் அதிகாரி:
எங்கள் கப்பலின் அடி மணலைத் தொட்டது. லேசான நடுக்கம், வரைபட மேசையில் இருந்த பென்சில் உருண்டு விழுந்தது, அவ்வளவுதான். தொட்டிகளில் தண்ணீர் புகுந்ததா என்று அளக்க ஓடினோம். கப்பலின் ஓட்டத்தையும் பேச்சையும் பதியும் விடிஆர் என்ற கருவியின் சேமிப்புப் பொத்தானை யாரும் அமுக்கவில்லை. பழைய வகை, 12 மணி நேரம்தான் வைத்திருக்கும். அப்புறம் பழையதை அழித்துவிட்டு மேலேயே பதிந்துகொண்டு போகும். விசாரணை அதிகாரி ஏறி வந்தபோது கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் பேசிய பேச்சு எதுவும் மிஞ்சவில்லை. கேப்டனும், வழிகாட்ட ஏறியிருந்த பைலட்டும் ஒரே கட்டளையை வெவ்வேறு மாதிரி சொன்னார்கள். இருவருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. அறிக்கையில் அந்த இடத்தில் 'உறுதி செய்ய முடியவில்லை' என்றே எழுதினார்கள். 2014 ஜூலைக்குப் பிறகு பொருத்தும் கருவிகள் 30 நாள் வைத்திருக்கும். ஆனாலும் புதிதாக ஏறுகிற பையன்களை முதல் நாளே கூட்டிப்போய் அந்தப் பொத்தானைத் தொட்டுக் காட்டச் சொல்கிறேன்.