மேடையில் ஒப்பிக்கிறான், எதிர்க்கேள்வி வந்தால் நின்றுபோகிறான்

கேட்டவர்: புதுவயல் அப்பா

வணக்கம். புதுவயல் பக்கம் சின்ன கிராமம், நெல் விவசாயம். பையன் பத்தாவது படிக்கிறான். பேச்சுப்போட்டியில் 3 முறை பரிசு வாங்கியவன். போன மாதம் பள்ளிக்கூடத்தில் பட்டிமன்றம் வைத்தார்கள். எழுதிக்கொடுத்ததைக் கணீரென்று சொன்னான். எதிரணிப் பிள்ளை எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டதும் வாயடைத்துப்போய் நின்றுவிட்டான். வீட்டுக்கு வந்து, "நம்ம வீட்டுல யாருப்பா பேசியிருக்கா, எனக்கு மட்டும் எப்படி வரும்?" என்று கேட்டான். அதிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. நான் எட்டாவதோடு நின்றவன். எப்படிப் பழக்குவது? காரைக்குடியில் இதற்கு வகுப்பு உண்டா?

பதில்: தேவகோட்டை டீச்சர்

அண்ணே, வகுப்பு இருக்கட்டும். உங்கள் மகன் கேட்டதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து நம் பக்கம் தனியாகப் பிரிந்த 1985ல் நான் கல்லூரியில் சேர்ந்தேன். அங்கே பேச்சும் சொற்போரும் பழக்கிய தமிழ்ப் பேராசிரியரை நாங்கள் 'ஐயா' என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா அம்மா இரண்டு பேரும் கைநாட்டு. ஒன்றரை ஏக்கர் கண்மாய்ப் பாசனம், மிச்சம் வானம் பார்த்த பூமி. உழவு மாட்டில் ஒன்றை விற்றுத்தான் ஐயாவுக்குப் புகுமுக வகுப்புப் பணம் கட்டினார்கள். அந்த வருஷம் மிஞ்சிய ஒற்றை மாட்டைப் பக்கத்து வீட்டு மாட்டோடு சேர்த்துப் பூட்டி உழுதார் அவர் அப்பா. இதைச் சொல்லும்போதெல்லாம் ஐயாவுக்குத் தொண்டை அடைக்கும்.

"பேச எங்கே கத்துக்கிட்டீங்க ஐயா?" என்று ஒருநாள் கேட்டேன். "கண்மாய்க் கரையில" என்றார். தண்ணீர் குறைந்த வருஷங்களில் மடையோரம் ஊர் கூடுமாம். மேல்மடைக்காரர் ஒரு பக்கம், கீழ்மடைக்காரர் ஒரு பக்கம். அவர்கள் ஊர் நீர்ப்பாய்ச்சி, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுகிறவர், வயதானவர். யாராவது சத்தம் போட ஆரம்பித்தால், "இரு. அவன் என்ன கேக்குறான்னு முதல்ல நீ சொல்லு" என்பாராம். எதிராளி 'ஆமா, அதான் கேக்குறேன்' என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தன் வழக்கைச் சொல்ல முடியும். பத்து வயதில் அப்பா பக்கத்தில் நின்று பார்த்த இந்த ஒன்றைத்தான் ஐயா கடைசிவரை சொல்லிக்கொடுத்தார்.

எங்கள் வகுப்பிலும் அதே சட்டம். எதிரணி தலையாட்டினால்தான் மேலே பேசலாம். முதல் வாரம் எங்களில் ஒருவராலும் முடியவில்லை. அடுத்தவர் பேசுகிற நேரத்தில் நாங்கள் எங்கள் அடுத்த வரியை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தோம், காதில் எதுவும் விழவில்லை. உங்கள் பையனுக்கும் இதுதான் நடந்திருக்கும். பேச்சு வராததால் அல்ல அண்ணே, அந்தப் பிள்ளை கேட்டது அவன் காதுக்குள் போகவே இல்லை.

அப்புறம் வாலி வதை. திங்கட்கிழமை வாலி பக்கம் பேசியவர் புதன்கிழமை இராமன் பக்கம் பேச வேண்டும். வாலிக்காக நான் உயிரைக் கொடுத்துப் பேசினேன். பக்கம் மாறியதும் 'ஏன் மறைந்து நின்று எய்தாய்?' என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டேன். "கம்பன்ல அதுக்குப் பதில் சொல்றது யாருன்னு பார்த்தியாம்மா?" என்றார் ஐயா. போய்ப் பார்த்தேன். இலக்குவன்! உன் தம்பி முன்னமே வந்து சரணடைந்துவிட்டான், நேரே வந்தால் நீயும் அடைக்கலம் கேட்டுவிடுவாய், அதனால்தான் மறைந்து நின்றான் என்கிறான். "அந்த இடத்துல இராமன் ஏன்மா பேசல?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஐயா எழுந்து போய்விட்டார். 40 வருஷமாக அதை யோசிக்கிறேன்.

கூச்சப்படுகிற கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவர் முதலில் கையில் கொடுப்பது உழவைப் பாடும் ஏரெழுபது என்ற நூல். கம்பர் பாடியதாகச் சொல்வார்கள். மேழிக்குப் பாட்டு, கொழுவுக்குப் பாட்டு, நுகத்தடிக்குப் பாட்டு. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்த சாமான்களை ஒரு பெரும்புலவர் பாடியிருக்கிறார் என்று தெரிந்த அன்று எனக்கு அழுகை வந்தது. அதைச் சத்தமாக, வயலில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஐயாவே ஒவ்வொரு புரட்டாசியும் புழுதி விதைப்புக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போவார். வகுப்புக்குத் திரும்பும்போது நகக்கண்ணில் மண் இருக்கும்.

பதில்: கோட்டையூர் நடுவர்

டீச்சர் சொன்ன முறை அருமை. ஆனால் பள்ளிப் போட்டியில் ஒரு பிள்ளைக்கு 4 நிமிஷம்தான் கொடுக்கிறோம். எதிரணி சொன்னதை விரித்துக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும்.

பதில்: தேவகோட்டை டீச்சர்

உண்மைதான் ஐயா. மேடையில் ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரி கிடைக்க வீட்டில் பத்து நாளாவது நீட்டிச் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது.

பதில்: செக்காலை வாசகன்

கற்பது போலவே கேட்பதும் முக்கியம். பையனைக் கம்பன் விழாவுக்குக் கூட்டிவாருங்கள். 1939ல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் தொடங்கியது. பங்குனி மகம், பூரம், உத்திரம் காரைக்குடியில், அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில். குழந்தைகள் நாவில் அந்த மண்ணை வைக்கிற வழக்கம் நமக்கு உண்டே. பட்டிமன்றம் நம் ஊருக்கு நேற்று வந்ததில்லை என்றும் அவனிடம் சொல்லுங்கள். மணிமேகலையிலேயே 'பட்டிமண்டபம்' இருக்கிறது. குன்றக்குடி அடிகளார் நடுவராக இருந்த மன்றங்களை என் அப்பா தரையில் துண்டு விரித்து உட்கார்ந்து விடிய விடியக் கேட்டவர்.

பதில்: புதுவயல் அப்பா

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரமாக வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். நெல்லை இப்பவே மில்லுக்குப் போடலாம் என்கிறேன் நான், வைத்திருக்கலாம் என்கிறாள் வீட்டுக்காரி. முந்தாநாள் சத்தம் பெரிதானபோது பையன் நடுவில் உட்கார்ந்து, "அப்பா, அம்மா என்ன சொல்றாங்கன்னு நீங்க சொல்லுங்க" என்றான். இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். இரண்டு தடவையும் அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். மூன்றாவது தடவைதான் விளங்கியது. விலைக்காக அல்ல, அடுத்த விதைப்புக்கு விதைநெல்லை ஒதுக்காமல் மொத்தமும் போய்விடுமோ என்று பயந்திருக்கிறாள்.

8 மூட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். மகத்தன்று காலையிலேயே காரைக்குடி வந்துவிடுகிறோம். டீச்சரம்மா, நீங்களும் வருவீர்களா? இராமன் ஏன் பேசவில்லை என்று பையன் ஒரு பதில் வைத்திருக்கிறான், உங்களிடம்தான் சொல்வானாம்.