தோளில் மாட்டும் கீபோர்டில் இடது கை வாசிக்கிறதா?

கருங்கட்டை:
கீட்டாரை, அதாவது கிட்டார் போன்ற கழுத்துடைய கீபோர்டை, தோளில் மாட்டி வாசித்தால் வலது மணிக்கட்டு வலிக்கிறது, என்ன செய்யலாம் என்று தம்பி புதுவிரல் கேட்டிருந்தார். அதற்கு எண்பத்தெட்டு என்னும் பெரியவர் நேற்று அளித்த விடை இது: "அது பாதிக் கருவி. வலது கை வாசிக்கிறது. இடது கை வாசிப்பதில்லை, கழுத்தைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்குகிறது." பதினோர் ஆண்டுகளாக அந்தக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்பவன் என்ற முறையில் இதற்கு மறுமொழி சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் கருவியின் கழுத்தில் கட்டைவிரலுக்கு நேராகச் சுருதியை வளைக்கும் தொடுபட்டை இருக்கிறது, மற்ற விரல்களுக்கு ஒலியில் அதிர்வு சேர்க்கும் மாடுலேஷன் பட்டை இருக்கிறது. சோலோ வாசிக்கும்போது என் வலது கை ரிஷபம் என்னும் சுரத்தை மட்டுமே அழுத்தியிருக்கும். இடது கட்டைவிரல் தொடுபட்டையில் மெதுவாக ஏறும். இரண்டு அரைச்சுர தூரம் ஏறி முடிந்ததும் கேட்பவர் காதில் விழுவது அடுத்த சுரமான காந்தாரம். வலது கை காந்தாரத்தைத் தொடவே இல்லை. அப்படியானால் அந்தக் காந்தாரத்தை வாசித்தது யார்?

எண்பத்தெட்டு:
ஒலியை மின்னணு முறையில் எழுப்பும் சிந்தசைசர் வாசித்தது. நண்பர் அதற்கு அனுமதி கொடுத்தார், அவ்வளவுதான். பியானோவில் என் இடது கை பேஸ் என்னும் தாழ்சுரங்களை நடத்துகிறது, பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டுகளைப் பிடிக்கிறது, தேவைப்பட்டால் வலது கையோடு மல்லுக்கு நிற்கும் ஓர் எதிர்மெட்டையும் வாசிக்கிறது. ரோலண்ட் ஏஎக்ஸ்-7 என்னும் கீட்டாரில் இருப்பவை 45 கட்டைகள், அதன் வழிவந்த ஏஎக்ஸ்-எட்ஜில் 49, கோர்க் ஆர்கே-100எஸ்ஸில் 37, அவையும் சிறு கட்டைகள். எண்ணிக்கைக் குறைவைக்கூட நான் மன்னித்துவிடுவேன். ஆனால் பத்து விரல்களில் ஐந்தை ஒரு கைப்பிடிக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு, அதற்கும் வாசிப்பு என்று பெயர் சூட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. இடது கை வாசிப்பதில்லை.

சொல்லாய்வன்:
இருவரும் பொறுத்தருள வேண்டும். 'வாசித்தல்' என்றால் என்ன என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் இந்த விவாதம் பத்து வரிகளில் முடிந்துவிடும். சுரத்தைத் தேர்வதா, ஒலியை எழுப்புவதா, எழுந்த ஒலியை உருமாற்றுவதா? மேலும், 'கீட்டார்' என்று நெடிலாக எழுதினால் இது, 'கிட்டார்' என்று குறிலாக எழுதினால் அது என்ற நிலை ஆபத்தானது. தோளிசைப்பலகை என்று அழைக்கலாமே.

கருங்கட்டை:
வரையறைகளை ஐயா தம் அகராதியில் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். எனக்குத் தேவை காந்தாரத்துக்கு விடை. வயலினில் வில்லைப் பிடித்த கை எந்தச் சுரத்தையும் தேர்வதில்லை, சுரம் பிடிப்பது மற்றொரு கை. அதனால் வில்பிடித்த கை வாசிப்பதில்லை என்று எண்பத்தெட்டு எழுதுவாரா? ஆர்மோனியத்தில் துருத்தியை இயக்கும் கை ஒரு கட்டையையும் தொடுவதில்லை. அதுவும் பொத்தான் அமுக்கும் கையா?

எண்பத்தெட்டு:
வில் நின்றால் ஒலி நிற்கும். துருத்தி நின்றால் ஒலி நிற்கும். நீங்கள் இடது கையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாலும் உங்கள் கருவி ஒலித்துக்கொண்டே இருக்கும். வேறுபாடு விளங்குகிறதா? இது 1980களில் பாடகருக்குப் பக்கத்தில் நின்று தலைமுடியை ஆட்டுவதற்காகச் செய்யப்பட்ட அலங்காரப் பொருள். கழுத்தில் இருப்பவை அந்த அலங்காரத்தின் பகுதிகள்.

கருங்கட்டை:
வரலாறு தெரியாமல் எழுதக்கூடாது. வியன்னாவில் 1795ஆம் ஆண்டிலேயே ரோலிக் என்பவர் ஆர்ஃபிகா என்னும் சிறிய பியானோவை வார் போட்டுத் தோளில் மாட்டும்படி உருவாக்கினார். அமெரிக்க ராக் இசைஞர் எட்கர் வின்டர் 1970களின் தொடக்கத்திலேயே கீபோர்டுக்கு வார் கட்டி மேடையில் நடமாடினார். 1980இல் மூக் நிறுவனத்தின் லிபரேஷன் என்னும் கீட்டார் வந்தது, 1982இல் வந்த ரோலண்ட் எஸ்எச்-101 சிந்தசைசருக்குக் கழுத்தைப் போன்ற கைப்பிடியைத் தனியாக வாங்கிப் பொருத்த முடிந்தது. ஹெர்பி ஹான்காக், ஜார்ஜ் டியூக், சிக் கொரியா ஆகிய மூவரும் பியானோவில் இரண்டு கைகளாலும் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர்கள். மூவரும் இதைத் தோளில் மாட்டியிருக்கிறார்கள். தங்கள் இடது கையை வீணாக்குவதற்காகவா மாட்டினார்கள்? வெறும் சிந்தசைசர் ஒலியை மனிதக் குரல் போல, கிட்டார் கம்பி போல இழுத்துப் பேசவைக்கும் வேலை அந்த இடது கையில்தான் இருக்கிறது. ஒரே சுரத்தை வேகமாக வளைத்தால் அது அழைப்பு, தயங்கித் தயங்கி வளைத்தால் அது முறையீடு. இவற்றைக் கற்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. பொத்தான் அமுக்க யாரும் மூன்று ஆண்டுகள் கற்பதில்லை.

எண்பத்தெட்டு:
ஆர்ஃபிகாவை மடியிலும் மேசையிலும் வைத்து வாசித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். அதில் தொடுபட்டையும் கிடையாது, மாடுலேஷனும் கிடையாது. நீங்களே அழைத்துவந்த சாட்சி எனக்காகப் பேசுகிறது. சிந்தசைசரை மேசையில் வைத்தாலும் இடப்பக்கத்தில் சுருதி வளைக்கும் சக்கரம் இருக்கிறது. அதைத் தொடுபவர்கள் அதற்காகத் தனி மரியாதை கேட்பதில்லை.

ஒலிமேசை:
நான் ஒலிப்பதிவுப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கீட்டாரிலிருந்து சிந்தசைசருக்குச் செய்திகளைக் கொண்டுசெல்லும் மிடி கம்பியில் வினாடிக்கு 31,250 பிட்கள்தான் செல்லும். ஒரு சுரத்தைத் தொடங்கும் செய்திக்கு ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி ஆகிறது. அது யாருக்கும் தெரியாது, ஏனெனில் ஒலிபெருக்கியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே காற்றில் ஒன்பது மில்லிவினாடி போய்விடும். ஆனால் சுருதி வளைப்பில் 16,384 படிகள் உள்ளன. பட்டையில் விரல் ஊர்ந்தால் செய்திகள் எறும்புச்சாரையாக வரத் தொடங்கும். பழைய கருவிகளில் அந்தச் சாரைக்குப் பின்னால் நின்று கார்டின் சுரங்கள் தாமதமாக வந்துசேர்ந்ததை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கருங்கட்டை:
கேளுங்கள்! கம்பியில் வலது கையைவிட இடது கைதான் அதிகம் பேசுகிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

எண்பத்தெட்டு:
வாசிக்கும் கையின் வழியை வாசிக்காத கை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். இதற்கு மேல் எனக்கும் சான்று வேண்டாம்.

ஒலிமேசை:
நான் இருவருக்காகவும் எழுதவில்லை. பேச்சு எழுந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கருங்கட்டை ஒருமுறை மேடையில் திரும்பியபோது தன் கம்பியைத் தானே மிதித்து, ஐந்து முனைச் செருகியைக் கழற்றிக்கொண்டார். சுரத்தை நிறுத்தும் செய்தி வந்துசேராததால் அந்த ஒரு சுரம் நிற்காமல் ஒலித்தது. சிந்தசைசரை அணைக்க நான் ஓடவேண்டியிருந்தது. அவரோ கண்களை மூடிக்கொண்டு, இடது கையால் கழுத்தை உணர்ச்சியோடு வருடிக்கொண்டே இருந்தார். ஒலி ஒரு மயிரிழைகூட வளையவில்லை. கூட்டம் கைதட்டியது.

எண்பத்தெட்டு:
நன்றி ஒலிமேசை. நான் இரண்டு நாட்களாக எழுத முயன்றதை நீங்கள் ஒரே பத்தியில் எழுதிவிட்டீர்கள்.

கருங்கட்டை:
அந்தச் செருகியை இறுக்கிச் செருகியிருக்க வேண்டியவர் யார் என்பதையும் ஒலிமேசை சொல்லியிருக்கலாம். கம்பி கழன்ற நேரத்தில் என் வலது கைக்கும்தான் ஒலி வரவில்லை. அதனால் வலது கையும் வாசிப்பதில்லை என்று முடிவு கட்டுவீர்களா? மேலும், நான் கண்களை மூடவில்லை. மேடை விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. காந்தாரத்துக்கு இன்னும் விடை வரவில்லை என்பதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

புதுவிரல்:
அண்ணா, மணிக்கட்டு பற்றி யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். சனிக்கிழமை கச்சேரி இருக்கிறது.

ஒலிமேசை:
தம்பி, வாரைக் குறைத்துக் கருவியை வயிற்றுக்கு மேலே ஏற்றி மாட்டுங்கள், கழுத்துப் பக்கத்தைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். வலது முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் வரும். இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மணிக்கட்டு மடங்கும். நான்கு கிலோவைத் தாங்க அகலமான வார் வாங்குங்கள்.

எண்பத்தெட்டு:
பிடித்து உயர்த்தும் வேலையை எந்தக் கை செய்கிறது என்பதைத் தம்பி கவனித்துக்கொள்ளட்டும். சுமைதூக்குவது மதிப்புமிக்க தொழில்தான்.

சொல்லாய்வன்:
தோளிசைப்பலகை குறித்து ஒருவரும் கருத்துச் சொல்லவில்லை.

கருங்கட்டை:
விசைப்பலகை என்றால் கணினியில் தட்டச்சு செய்வது என்று ஊரே நினைக்கும்போது, தோளிசைப்பலகை என்று நான் விளம்பரத்தில் போட்டால் என்னைத் தட்டச்சுக்கு அழைப்பார்கள். அதை விடுங்கள். எண்பத்தெட்டுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். சென்ற மாதம், பியானோவின் சுரத்தை நீட்டும் சஸ்டெயின் பெடல் பற்றிய விவாதத்தில் என்னைப் பாமரன் என்று இகழ்ந்துவிட்டு, அவர் எழுதிய சொற்கள் இவை: "பெடலை மிதிக்கக்கூடாது, அதையும் வாசிக்க வேண்டும்." அன்று நான் வாயடைத்துப் போனேன்; இன்று அந்த வரி எனக்குப் பயன்படுகிறது. பெடல் ஒரு சுரத்தையும் தேர்வதில்லை, காலை எடுத்தாலும் பியானோ ஒலிக்கும். கால் வாசிக்கலாம், ஆனால் என் இடது கை வாசிக்கக்கூடாதா?

எண்பத்தெட்டு:
கால் வேறு, கை வேறு.

கருங்கட்டை:
எப்படி வேறு என்பதை விளக்குங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.

எண்பத்தெட்டு:
என் கால் பெடலில் இருக்கும்போது என் இடது கை வாசித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் இடது கை வாசிப்பதில்லை.

கருங்கட்டை:
அப்படியானால் காந்தாரம்?