"முதல் எண் ஒன்றாக இருந்தால் போதும்" என்னும் அறிவுரை பற்றி: போஸ்ட்கிரெஸ் கருவிகளும் பில்ட் சர்வரும்

தரவுத்தச்சன்:
தொடக்கநிலைப் பகுதியில் இரவுப்பணி அவர்கள் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே ஒட்டியும் வைத்திருக்கும் அமைப்புக் குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "நிரலாளரின் கணினியிலும் பில்ட் சர்வரிலும் போஸ்ட்கிரெஸ் கருவிகளின் முதல் எண் ஒன்றாக இருந்தால் போதும், இரண்டாம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு." இதை நம்பித் தங்கள் பில்ட் சர்வரை (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் கணினியை) அமைக்கும் புதியவர்களுக்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். போஸ்ட்கிரெஸ் ஒரு தரவுத்தளம். 17.6 என்ற அதன் பதிப்பில் 17 முதல் எண், 6 இரண்டாம் எண்.

2025 ஆகஸ்ட் 14 அன்று 17.6, 16.10, 15.14, 14.19, 13.22 ஆகிய ஐந்து பதிப்புகள் ஒரே நாளில் வெளிவந்தன. சிவிஇ-2025-8714 என்ற பாதுகாப்புக் குறையை அடைப்பதற்காக, தரவுத்தளத்தைக் கோப்பாக எடுத்துத்தரும் பிஜி_டம்ப் கருவி அன்றிலிருந்து எழுதும் எளிய உரைக்கோப்பின் தலையில் பின்சாய்கோட்டுடன் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற கட்டளையும், கடைசியில் 'அன்ரெஸ்ட்ரிக்ட்' என்ற கட்டளையும் வருகின்றன. தரவு எடுக்கப்படும் சர்வரின் சூப்பர்யூசர் (முழு அதிகாரம் கொண்ட பயனர்) தீயவராக இருந்தால், கோப்பை ஏற்றும் கருவியான பிஎஸ்க்யூஎல்லுக்குரிய கட்டளைகளை அதற்குள் நுழைத்து, அதை ஏற்றுபவரின் கணினியிலேயே அவற்றை ஓடவிட முடியும் என்பதுதான் அந்தக் குறை. பூட்டுப் போட்டது சரியான செயலே. ஆனால் பழைய பிஎஸ்க்யூஎல்லுக்கு அந்தக் கட்டளை தெரியாது. நிரலாளரின் கணினியில் இருக்கும் 17.6 எழுதிய ஸ்கீமா கோப்பை (அட்டவணைகளின் அமைப்பைச் சொல்லும் கோப்பை) பில்ட் சர்வரில் இருக்கும் 17.5 வாசித்தால், "செல்லாத கட்டளை" என்று முதல் வரிகளிலேயே முறையிடும். இரண்டும் 17 தான். வேறுபட்டது இரண்டாம் எண் மட்டுமே. பொழுதுபோக்கு எது என்று இரவுப்பணி அவர்களே சொல்லட்டும்.

இரவுப்பணி:
என் குறிப்பில் அந்த வரிக்கு அடுத்த வரியை வசதியாக விட்டுவிட்டீர்கள்: "சர்வரில் நேரத்துக்கு அப்டேட் போடுங்கள்." அதைச் செய்தவனுக்கு நீங்கள் சொல்லும் தொல்லை வராது.

பிஜி_டம்ப் தரவுத்தளச் சர்வரோடு இணையும்போது தானே ஒரு சோதனை செய்கிறது. சர்வரின் முதல் எண் தன் எண்ணைவிடப் பெரியதாக இருந்தால் "பதிப்பு பொருந்தவில்லை" என்று வேலையை நிறுத்துகிறது, 17.5 கருவியை 17.6 சர்வரிடம் அனுப்பினால் வாய் திறப்பதில்லை. கருவியை எழுதியவர்களே முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத நுட்பம் தரவுத்தச்சன் அவர்களுக்குத் தெரிந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது.

உண்மையில் ஆட்களை அழவைப்பது முதல் எண்தான். பிஜி_டம்ப் 17 எழுதும் கோப்பில் 'ட்ரான்ஸாக்‌ஷன்_டைம்அவுட்' என்ற அமைப்பைச் சுழியமாக்கும் வரி எப்போதும் இருக்கும். அந்த அமைப்பு 17இல்தான் பிறந்தது என்பதால் 16 சர்வர் அதை ஏற்காது. லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 22.04 பதிப்பு தருவது போஸ்ட்கிரெஸ் 14, 24.04 தருவது 16. ஒருவர் ஒன்றையும் பில்ட் சர்வர் மற்றொன்றையும் வைத்துக்கொண்டு விழிப்பதைத்தான் நான் ஆண்டுக்கணக்கில் பார்த்துவருகிறேன். குறிப்பு அவர்களுக்காக எழுதப்பட்டது. தவிர, பழைய பிஎஸ்க்யூஎல் அந்த 'ரெஸ்ட்ரிக்ட்' வரியைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு மேலே போகும். அட்டவணைகள் எல்லாம் உருவாகிவிடும். யாருக்கும் நட்டமில்லை.

தரவுத்தச்சன்:
"முணுமுணுத்துவிட்டு மேலே போகும்" என்ற தொடரைப் படித்ததும் உங்கள் பில்ட் சர்வர் எந்த நிலையில் ஓடுகிறது என்பது விளங்கிவிட்டது. பிஎஸ்க்யூஎல் பிழை கண்டும் நிற்காமல் போவது, 'ஆன்_எரர்_ஸ்டாப்' என்ற மாறியை நீங்கள் போடாததால். அதைப் போட்டிருந்தால் முதல் பிழையிலேயே நின்று, 3 என்ற வெளியேறும் எண்ணைத் தரும், பில்ட் சிவப்பாகும் (தோற்றதாகக் காட்டும்). போடாவிட்டால் பாதி அட்டவணைகள் உருவாகாமல் போனாலும் 0 தந்து பச்சை விளக்கைக் காட்டும். ரெயில்ஸ் என்னும் வலைச்செயலிச் சட்டகம் தன் எஸ்க்யூஎல் வடிவ ஸ்கீமா கோப்பை ஏற்றும்போது அந்த மாறியைத் தானே போட்டுக்கொள்கிறது. ஆகவே ரெயில்ஸ் பயன்படுத்துவோருக்கு 17.6க்கும் 17.5க்கும் இடையில் இருந்தது முணுமுணுப்பு அன்று, முழு நிறுத்தம். இரண்டாம் எண், ஐயா, இரண்டாம் எண்.

பிஜி_டம்ப் செய்யும் சோதனை சர்வரிடமிருந்து எடுப்பதற்கானது. எடுத்த கோப்பை வேறொரு கணினியில் வேறொரு பிஎஸ்க்யூஎல் வாசிக்கும்போது அந்தச் சோதனை அங்கே இல்லவே இல்லை. இதை விளக்க வேண்டியிருக்கிறது என்பதே வருத்தமாக இருக்கிறது.

தாழைமடல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இருவரும் "பொருந்துதல்" என்று எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவுபடுத்த முடியுமா? பிஜி_டம்ப் சர்வரோடு பேசுவது ஒன்று, அது எழுதிய கோப்பை பிஎஸ்க்யூஎல் புரிந்துகொள்வது இன்னொன்று, கோப்பில் உள்ள எஸ்க்யூஎல்லை மறுமுனைச் சர்வர் ஏற்பது மூன்றாவது. இரவுப்பணி அவர்கள் முதலாவதையும் மூன்றாவதையும், தரவுத்தச்சன் அவர்கள் இரண்டாவதையும் பேசுவதாகத் தோன்றுகிறது.

தரவுத்தச்சன்:
தாழைமடல், வகைப்படுத்துவதெல்லாம் பிறகு. முதலில் இரண்டாம் எண் முக்கியமா இல்லையா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லட்டும்.

இரவுப்பணி:
சொல்லிவிட்டேன். இல்லை.

மேக்காரன்:
நான் மேக் கணினியில் வேலை செய்பவன். மேக்கில் மென்பொருள் நிறுவப் பயன்படும் ஹோம்ப்ரூவில், போஸ்ட்கிரெஸ் கிளையன்ட் கருவிகளைக் கொண்ட 'லிப்பிக்யூ' பொட்டலம் எப்போதும் ஆகப் புதிய பதிப்பையே தருகிறது. 2025 செப்டம்பர் 25 அன்று 18 வந்த பிறகு, வேறு எதற்கோ அப்டேட் போட்டபோது என் கிளையன்ட் கருவிகளும் 18க்குத் தாவிவிட்டன. எங்கள் சர்வர் இன்னும் 16. இந்தச் சண்டையில் எனக்கு இடம் எது?

இரவுப்பணி:
போஸ்ட்கிரெஸ்@16 என்ற தனிப் பொட்டலத்தை நிறுவி, அதன் பாதையை முன்னால் வையுங்கள். முதல் எண்ணைச் சரிசெய்தால் உங்கள் தொல்லை தீர்ந்தது. தரவுத்தச்சன் அவர்கள் கவனிக்க: நேரில் வந்து நிற்கும் மனிதரின் தொல்லை முதல் எண்ணில்தான் இருக்கிறது.

தரவுத்தச்சன்:
அப்பொட்டலம் இன்று 16இன் எந்த இரண்டாம் எண்ணைத் தரும், அடுத்த மாதம் எதைத் தரும், உங்கள் குழுவின் பில்ட் சர்வரில் இருப்பது எது என்று மேக்காரன் அறிவாரா? ஹோம்ப்ரூவில் பழைய இரண்டாம் எண்ணைப் பிடித்துவைக்க எளிய வழி இல்லை. அதனால்தான் மேக் கணினியில் நேரடியாகக் கருவியை நிறுவுவதையே நான் ஏற்பதில்லை. இரு இடத்திலும் ஒரே டாக்கர் படிமத்துக்குள் (மென்பொருளையும் அதன் இயங்குதளச் சூழலையும் சேர்த்துக் கட்டிய பொட்டலத்துக்குள்) இருக்கும் பிஜி_டம்ப்பையும் பிஎஸ்க்யூஎல்லையும் ஓட்ட வேண்டும். படிமத்தையும் '17' என்ற பெயரால் அழைக்காமல் '17.6' என்றோ, இன்னும் கறாராக அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் டைஜெஸ்ட் எண்ணாலோ அழைக்க வேண்டும். ஏனெனில் '17' என்ற பெயர் நகர்ந்துகொண்டே இருக்கும். விலை கூடிய கணினி வாங்கியவர்களுக்கு இது உவப்பாக இராது.

மேக்காரன்:
கணினியின் விலைக்கும் பிஜி_டம்ப்புக்கும் என்ன தொடர்பு? உதவி கேட்டவனைக் குத்திக்காட்டுவதுதான் மூத்தவர்களின் பண்பாடு என்றால், இரவுப்பணி அவர்களின் குறிப்பே எனக்குப் போதும்.

அடைப்புக்குறி:
டாக்கர் படிமம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதிலும் ஆபத்து உண்டு என்பதைப் பதிவு செய்கிறேன். ஆல்பைன் லினக்ஸ் படிமத்தில் இருப்பது மசுல் என்னும் அடிப்படை சி நூலகம். டெபியன் லினக்ஸ் படிமத்தில் அதன் இடத்தில் இருப்பது ஜிலிப்சி. மசுல் மொழிவாரியான அகரவரிசையைத் தருவதில்லை. எனவே இரண்டும் 17.6 ஆகவே இருந்தாலும் வரிசைப்படுத்தும் 'ஆர்டர் பை' கட்டளை தரும் வரிசை வேறுபடலாம். தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்தும் சோதனைகள் வைத்திருப்போர் இதை உடனே உணர்வார்கள். யுனிகோட் குறியெண்படி 'ன' என்பது 'ப'வுக்கு முன்னும், 'ற' என்பது 'ல'வுக்கு முன்னும் நிற்பதால், வெறும் குறியெண் வரிசையில் 'பனை' முதலிலும் 'பப்பாளி' அடுத்தும் வரும். அகராதி வரிசையில் 'பப்பாளி'தான் முன்னால் வர வேண்டும். ஐசியு என்னும் யுனிகோட் நூலகத்தின் முறையில் தமிழ் வரிசையைக் கேட்டால் அப்படித்தான் வரும். பதிப்பு எண்களைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் இருவருமே அடியில் இருக்கும் இயங்குதளத்தை மறந்துவிட்டீர்கள்.

தரவுத்தச்சன்:
நான் எதையும் மறக்கவில்லை. டைஜெஸ்ட் எண்ணால் அழைத்தால் இயங்குதளமும் மாறாதபடி சேர்ந்தே பூட்டப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியாதா? டெபியன் 12இலிருந்து டெபியன் 13க்கு அடித்தளம் மாறினால் ஜிலிப்சி 2.36இலிருந்து 2.41க்குப் போகிறது, பழைய தரவுக்கோப்புறையை அப்படியே மாட்டியவர்களுக்கு "கொலேஷன் பதிப்பு பொருந்தவில்லை" என்று எழுத்து வரிசைமுறை பற்றிய எச்சரிக்கை வரும். நான் சொன்னபடி பூட்டியவருக்கு அது வராது. பப்பாளியையும் பனையையும் வேறொரு இழையில் பேசலாம்.

அடைப்புக்குறி:
வரிசை மாறியதால் சிவப்பாகும் பில்டும் சிவப்பு பில்டுதான். இரண்டாம் எண் ஒன்றாக இருந்தும் அது சிவப்பாகும் என்பது உங்கள் வாதத்துக்கு இடையூறாக இருப்பதால் அதை வேறு இழைக்கு அனுப்புகிறீர்கள்.

இரவுப்பணி:
பூட்டுவதைப் பற்றி ஒரு சொல். போஸ்ட்கிரெஸ் குழுவின் ஏப்ட் என்னும் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து கிளையன்ட் பொட்டலத்தை இரண்டாம் எண்வரை குறிப்பிட்டு நிறுவும்படி பில்ட் ஸ்கிரிப்டில் எழுதிவைத்தால், அடுத்த வெளியீட்டுக்குப் பின் பழைய பொட்டலம் தனிக் காப்பகத்துக்குப் போய்விடும். காலையில் வந்து பார்த்தால் நிறுவலே தோற்றிருக்கும். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று காலாண்டுதோறும் வெளியீடு வருவதால், தரவுத்தச்சன் அவர்களின் முறை ஆண்டுக்கு நான்கு விடுமுறைகளைப் பறிக்கும். சரி, படிமமாகவே பூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூலையில் 17.5ஐப் பூட்டியவர் ஆகஸ்டில் அடைத்த ஓட்டையோடு இன்றும் உட்கார்ந்திருப்பார். எந்தப் பாதுகாப்புக் குறையைக் காட்டி இழையைத் தொடங்கினாரோ, அதே குறையைத் தன் சர்வரில் பத்திரமாகப் பூட்டிவைத்திருக்கும் சாதனை அவருடையது.

தரவுத்தச்சன்:
பூட்டுவது என்றால் சாவியைக் கிணற்றில் எறிவது என்று உங்களுக்கு யார் சொன்னது? எண்ணை ஒரு கோப்பில் எழுதி, அதை நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் வைத்து, நிரலாளரின் கணினியும் பில்ட் சர்வரும் அதே கோப்பிலிருந்து படிக்கும்படி செய்ய வேண்டும். புதிய வெளியீடு வந்தால் அந்தக் கோப்பை ஒரே கமிட்டில் (ஒரே மாற்றப் பதிவில்) மாற்ற வேண்டும். மாற்றம் நடந்த நாள், செய்தவர், அதனால் உடைந்தது எது என்பதெல்லாம் அங்கேயே தெரியும். உங்கள் "நேரத்துக்கு அப்டேட்" முறையில் சர்வர் ஒரு நாளும் பத்து நிரலாளர்கள் பத்து நாளும் அப்டேட் போடுவார்கள். அந்த இடைவெளியில்தான் 17.6 எழுதியதை 17.5 வாசிக்க நேர்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ரெஸ்ட்ரிக்ட்' கட்டளையோடு வரும் திறவுச்சொல் ஒவ்வொரு முறையும் தற்செயலாக உருவாக்கப்படுவதால், ஒரு நெடுவரிசைகூட மாறாதபோதும் ஸ்கீமா கோப்பு மாறியதாகக் கிட் காட்டும். அதற்காகவே 'ரெஸ்ட்ரிக்ட்-கீ' என்ற விருப்பத்தைத் தந்திருக்கிறார்கள். நிலையான ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். ஆனால் அந்த விருப்பம் 17.5இல் இல்லை. இரண்டாம் எண் முக்கியமில்லை என்பவர் தன் ஸ்கிரிப்டில் அதைப் போட்டுப் பார்க்கட்டும்.

இரவுப்பணி:
எளிய உரையை விட்டுவிட்டுக் கஸ்டம் வடிவத்தில் எடுத்து, பிஜி_ரீஸ்டோர் மூலம் நேரே தரவுத்தளத்துக்கு ஏற்றினால் பிஎஸ்க்யூஎல்லே நடுவில் வராது. 'ரெஸ்ட்ரிக்ட்' வரியும் வராது. உங்கள் இரண்டாம் எண் அங்கே என்ன செய்யும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

தரவுத்தச்சன்:
கஸ்டம் வடிவம் இருமக் கோப்பு. கிட்டில் வைத்தால் எந்த நெடுவரிசை மாறியது என்று மதிப்பாய்வாளர் எப்படிப் படிப்பார்? ஸ்கீமா கோப்பை உரையாக வைப்பதன் நோக்கமே அதுதான். பில்ட் சர்வரைப் பற்றிப் பேசும்போது காப்புநகல் எடுக்கும் வழியைச் சொல்கிறீர்கள். கேட்டது ஒன்று, பதில் வேறொன்று.

பழமொழி சொன்னதால் பழைய கதை ஒன்றை நானும் நினைவூட்டுகிறேன். சென்ற ஆண்டு மைஎஸ்க்யூஎல் என்ற வேறொரு தரவுத்தளத்தின் இழையில், 8.0 பதிப்பின் டம்ப் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப்பை 5.7 சர்வர்மீது ஓட்டி, 'காலம்_ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' அட்டவணை இல்லை என்ற 1109ஆம் பிழையோடு ஒருவர் வந்தார். அந்த அம்சத்துக்கான விருப்பத்தைச் சுழியமாக்கி அணைத்தால் போதும் என்று நான் சொன்னபோது, "ஒட்டுப்போடாதீர்கள், கருவியும் சர்வரும் எள்ளளவும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்" என்று எனக்குப் பாடம் எடுத்தவர் யார்? அன்று எள்ளளவு, இன்று முதல் எண் மட்டும்.

இரவுப்பணி:
8.0க்கும் 5.7க்கும் இடையில் இருப்பது முதல் எண் வேறுபாடு. என் நிலை அன்றும் அதுதான், இன்றும் அதுதான். உங்களுக்கு நினைவாற்றல் இருக்கும் அளவுக்கு வாசிப்பு இல்லை.

தரவுத்தச்சன்:
அப்படியானால் 5.6க்கும் 5.7க்கும் இடையில் இருந்தது என்ன? போஸ்ட்கிரெஸ் 9.5க்கும் 9.6க்கும் இடையில் இருந்தது என்ன? 2017இல் 10 வரும்வரை பெரும்பதிப்பைச் சுமந்ததே இரண்டாம் எண்தான். அப்போதும் "முதல் எண் 9 ஒன்றாக இருந்தால் போதும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தீர்களா?

இரவுப்பணி:
2017க்கு முந்தைய எண்முறையைத் தோண்டி எடுத்துவந்து 2025இன் குறிப்பைத் தாக்குகிறீர்கள். வேறு சரக்கு இல்லை என்பது தெரிகிறது.

தாழைமடல்:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. எங்கள் பில்ட் சர்வரில் டெபியன் இருக்கிறது. அங்கே பிஜி_டம்ப் என்று தட்டினால் ஓடுவது நேரடி நிரல் அன்று, எந்தப் பதிப்பை அழைப்பது என்று முடிவுசெய்யும் பெர்ல் மொழியில் எழுதிய ஓர் உறை நிரல் என்கிறார்கள். 15, 17 இரண்டும் நிறுவப்பட்டிருக்கும்போது எது ஓடுகிறது என்று உறுதிசெய்யும் வழியையாவது சொல்லுங்கள்.

அடைப்புக்குறி:
உறையை நம்பாமல், பதிப்பு எண்ணைக் கொண்ட கோப்புறையிலுள்ள நிரலை முழுப் பாதையோடு அழையுங்கள். பில்ட் தொடங்கும்போதே பிஜி_டம்ப், பிஎஸ்க்யூஎல் இரண்டின் பதிப்பையும் பதிவில் அச்சிடச் செய்யுங்கள். கொலேஷனையும் சேர்த்து அச்சிடுவது நல்லது. இந்த இழையில் அதைச் சொல்லத் தடை இருப்பதை அறிவேன்.

தரவுத்தச்சன்:
அச்சிடும்போது இரண்டாம் எண்ணும் சேர்ந்தே அச்சாகும் என்பதை இரவுப்பணி அவர்கள் கவனிக்க வேண்டுகிறேன். குறிப்பைத் திருத்துகிறீர்களா, அல்லது அதற்கு மேலே என் குறிப்பை ஒட்டும்படி மட்டுறுத்துநரிடம் கேட்கட்டுமா?

இரவுப்பணி:
ஒரு எழுத்தும் மாறாது. உங்கள் குறிப்பை எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள். அதைப் படித்து 17.5ஐப் பூட்டிவைத்தவர்கள் வந்து கேட்கும்போது பதில் சொல்லவும் நீங்களே இருங்கள்.

தரவுத்தச்சன்:
17.5ஐப் பூட்டச் சொன்னதாக நான் எழுதிய வரியைக் காட்டுங்கள். மேலே உள்ள என் பதிவில் பூட்டச் சொன்ன எண் 17.6 தான். இரண்டாம் எண்ணை வாசிக்கும் பழக்கம் இல்லாததால் அதுவும் உங்கள் கண்ணில் படவில்லை போலும்.

மேக்காரன்:
போஸ்ட்கிரெஸ்@16 நிறுவினேன். இப்போது பிஎஸ்க்யூஎல் 16 என்கிறது, பிஜி_டம்ப் இன்னும் 18 என்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மூத்தவர்கள் இருவரும் ஓய்ந்த பிறகு வருகிறேன்.