உளவியல் பாடத்தில் மறக்க முடியாத ஒரு நொடி: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

திருமங்கலம் வாசகி:
ஆசிரியர் தகுதித் தேர்வுக்காகக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிலர் சேர்ந்து நடத்தை ஆய்வாளர் ஸ்கின்னரின் கற்றல் கொள்கையைப் படித்துக்கொண்டிருந்தோம். எதிர்மறை வலுவூட்டலும் (வேண்டாத ஒன்று நீங்குவதால் ஒரு நடத்தை கூடுவது) தண்டனையும் ஒன்றுதான் என்று ஒரு தம்பி அடித்துச் சொன்னபோது, உசிலம்பட்டியிலிருந்து வரும் அக்கா புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார்: "கடைத்தெருவில் என் மகன் மிட்டாய்க்காக அழுது புரண்டான். வாங்கிக் கொடுத்ததும் அழுகை நின்றது. இதில் வலுவூட்டப்பட்டது அவனா, நானா?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. அழுதால் மிட்டாய் கிடைக்கும் என்பது மகனுக்கு நேர்மறை வலுவூட்டல். கொடுத்தால் அழுகை ஓயும் என்பது தாய்க்கு எதிர்மறை வலுவூட்டல். இருவரும் அடுத்த முறையும் அதையே செய்வார்கள். தண்டனையோ நடத்தையைக் குறைப்பது. இது எனக்குப் பிடிபட்டபோது அக்கா பேருந்துக்குப் புறப்பட்டுவிட்டார். பிறகு அவரை நூலகத்தில் நான் பார்க்கவே இல்லை.

மேலூர் மாணவன்:
மாலை வகுப்பில் பாவ்லவ் பாடம் நடந்துகொண்டிருந்தது: உணவோடு சேர்த்து ஓர் ஒலியைப் பலமுறை கேட்ட நாய்க்கு, பிறகு அந்த ஒலி கேட்டாலே எச்சில் ஊறியதைக் காட்டியவர் அவர். எதிர்க் கடையில் கொத்துப் பரோட்டா கொத்தும் ஓசை எழுந்ததும் முன்வரிசையில் இருந்த மாணவி எச்சில் விழுங்கினாள். அதைக் கண்ட ஆசிரியர், "இதோ, பாவ்லவின் நாய்க்கு நடந்தது" என்றார். வகுப்பே சிரித்தது, அவள் தலைகுனிந்தாள். உணவோடு பலமுறை சேர்ந்து வந்ததால் அந்த ஓசை ஆக்கநிலையுறுத்தப்பட்ட தூண்டலாகிவிட்டது, அதாவது பழக்கத்தால் எச்சிலைத் தூண்டும் ஒன்றாகிவிட்டது. எச்சில் ஊறுவது நம் விருப்பத்துக்கு உட்படாத துலங்கல், அதாவது தூண்டலுக்கு உடல் காட்டும் எதிர்வினை. பாவ்லவே உடலியங்கியல் அறிஞர். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காகத்தான். இந்த ஒரு விளக்கத்தை ஆசிரியர் முதலில் சொல்லியிருந்தால் அவள் தலைகுனிய நேர்ந்திருக்காது.

சோழவந்தான் ஆசிரியர்:
மேலூர்த் தம்பி ஆசிரியரைக் குறை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. கண்முன் நடந்ததைக் காட்டிக் கற்பித்ததால்தான் அப்பாடம் இன்றும் உங்கள் நினைவில் நிற்கிறது. என் மாணவர் ஒருவரிடம் முதல் உளவியல் ஆய்வகத்தைப் பற்றிக் கேட்டேன். "1879, லைப்சிக், வில்ஹெல்ம் வுண்ட்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டதும் அவர் முகம் வெளிறியது. தூண்டலுக்கும் துலங்கலுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார்கள், தம் மனத்தில் நிகழ்வதைத் தாமே கவனித்துச் சொல்லும் அகநோக்கு முறையைப் பயன்படுத்தினார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நினைவாற்றலை ஆராய்ந்த எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து, 1885இல் வெளியிட்டார். படித்தவுடன் மறதி வேகமாகவும், போகப்போக மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே, படித்த அன்றிரவே புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். சில நாள் கழித்தும், பிறகு சில வாரம் கழித்தும் அவ்வாறே செய்யுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இவ்வாறு நினைவுகூர்வதே நெடுநாள் நிற்கும். தகுதித் தேர்வின் 150 வினாக்களில் 30 வினாக்கள் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் பகுதியிலிருந்து வருகின்றன. அதற்குள் வரும் ஒவ்வொரு கருத்துக்கும், உசிலம்பட்டி அம்மையார் கேட்டதைப் போல, உங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.